படையல் முறுக்கு

காணை கிராமத்தில் பச்சைமுத்துவைத் தெரியாதவர்கள் கிடையாது, அவன் பெற்ற பிள்ளைகளைத் தவிர. விழுப்புரம் ரயில்பாதையில் தண்டவாளம் செப்பனிடும் கேங் கூலி அவன். கோழி கூவுமுன் கிளம்பும்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். இருட்டித் திரும்பும்போது மறுபடி தூங்கிப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளையும் பண்ணைக்காரர் கொல்லையில் ஏர் பிடிக்கிற வேலை விழுங்கிவிடும். உன் பிள்ளைகள் எவ்வளவு உயரம் என்று யாராவது கேட்டிருந்தால், பாயில் படுத்திருக்கும் நீளத்தைத்தான் கைவிரித்துக் காட்டியிருப்பான். அவனைக் குறை சொல்லி என்ன செய்வது? அவன் ஓடினால்தான் வீட்டில் உலை கொதித்தது.

சம்பளத்தன்று மட்டும் விழுப்புரம் கடைத்தெருவில் முறுக்கு வாங்கிவந்து பிள்ளைகளின் தலைமாட்டில் வைப்பான். தகப்பனாக அவன் செய்யத் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஊரில் வாந்திபேதி புகுந்தது. மூத்த பையன் மாரியப்பன் ஒரே பகலில் போய்விட்டான். தாய் அம்சவள்ளியும் அதே நோயில் நினைவு தப்பிக் கிடந்தாள். காரியத்தன்று, செத்தவருக்குப் பிடித்த பண்டத்தை இலையில் வைத்துப் படைக்க வேண்டும். பச்சைமுத்துவின் அண்ணன் பெரியசாமி இலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“புள்ளைக்கு என்னாடா புடிக்கும்?”

பச்சைமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அழுகையாவது, மண்ணாவது! தெரியவில்லை. பெற்றவனுக்குத் தெரியவில்லை.

“முறுக்கு,” என்றான்.

அம்சவள்ளி எப்படியோ பிழைத்து எழுந்தாள். அதன்பிறகு ஒரே பயம் அவனைப் பிடித்து ஆட்டியது. மிச்சமிருக்கிற சின்ன மகள் செண்பகமும் தன்னை அறியாமலே வளர்ந்துவிட்டால்? அவளோ அவன் கிட்டே போனாலே தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். பண்ணைக்காரர் ஆள் அனுப்பித் திட்டியும் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர் பிடிக்கப் போகவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, மூவரும் மண் கொத்தக் களைக்கொட்டும் கூடையும் எடுத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குப் போனார்கள். செடி பிடுங்கி முடிந்த நிலத்தில், மண்ணுக்குள் தப்பிக் கிடக்கும் வேர்க்கடலைக் காய்களை யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்தது. பச்சைமுத்து கொத்திக் கொத்தி, முற்றிய காயைக் கூடையில் போட்டான். உள்ளே பருப்பு வைக்காத பிஞ்சுகளைத் தூர எறிந்தான்.

“அத்த ஏம்ப்பா எறியிற?”

கத்திக்கொண்டு ஓடிவந்தாள் செண்பகம். அவளாக வந்து அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. ஒரு பிஞ்சைப் பாவாடையில் துடைத்து அவன் வாயில் திணித்தாள்.

“கண்ண மூடிக்கினு கடி. பாலு வரும்.”

கடித்தான். மண் நறநறத்தது, பிறகு தித்தித்தது. அவன் மீசையில் ஒட்டிய சேற்றைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். இத்தனை நாள் இந்தக் கொல்லையும் இந்தச் சிரிப்பும் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருந்தன என்று அவன் மனசு நிறைந்தது. நிறைந்த வேகத்தில் வலித்தது.

“அண்ணனுக்கு இதுன்னா உசுரு,” என்றாள் செண்பகம்.

“முறுக்கு இல்லியாம்மா?”

“அய்ய, அவனுக்கு முறுக்கே புடிக்காது. எனக்குக் குடுத்துடுவான். ஒண்ண மட்டும் கையில வச்சிக்கினு வாசல்ல குந்தியிருப்பான். போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் எங்கப்பா வாங்கியாந்ததுன்னு காட்டிக்கினே இருப்பான்.”

பச்சைமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்,” என்றாள் அம்சவள்ளி. “படைச்சி முடிச்சப்புறம் எந்த வாயால சொல்லுவேன்?”

அவன் மண்கட்டிமேல் உட்கார்ந்து, மறைக்காமல் அழுதான். எதற்கென்று விளங்காமல் மகள் இன்னொரு பிஞ்சைத் துடைத்து நீட்டினாள்.

யுத்தம் வந்து அரிசிக்குத் திண்டாடிய வருஷங்களிலும் அவன் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கவில்லை. அப்பனும் மகளுமாக ஏரிக்கரையிலும் கரும்புக் கொல்லை வரப்பிலும் சுற்றுவதை ஊரே கேலி செய்தது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் சொல்ல வேண்டியது, பையன் இறந்த மறு வருஷமே ஐப்பசியில் நடந்த படையல். பெரியசாமி வாயைத் திறக்குமுன் பச்சைமுத்து மண் வாசனை போகாத பிஞ்சுகளை இலை நிறையக் கொட்டினான். பிறகு மடியிலிருந்து ஒரே ஒரு முறுக்கை எடுத்து ஓரமாக வைத்தான்.

“புள்ளைக்கு முறுக்கு புடிக்காதுன்னு அப்புறமா நீயேதான சொன்ன. இது எதுக்கு?” என்றார் பெரியசாமி.

“கையில வச்சிக்கினு இருப்பான்ண்ணா,” என்றான் பச்சைமுத்து.