மெஷின் போட ஓர் இடம்

மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் உடைகளைத் தைத்துக் கோலசிலாங்கூர் கடையில் கொடுத்துவிட்டு இன்று பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தோட்டத்துல பாதிப் பேரு ராவாங் டவுன் பேக்டரிக்குப் போயாச்சு. தையல் மெஷின் இருந்தா எங்க ஒக்காந்தும் தைப்பேன்னு நீயே பீத்திக்குவ. இன்னும் ஏம்மா தோட்டத்து லயத்து வீட்டுல கெடக்குற?"

"அம்மா எங்கயும் வரமாட்டாங்க மண்டோரே. அவங்களுக்காகத்தான்."

மூன்று வருடமாக எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். இதைப் படிக்கும் உங்களிடமும் சொல்லியிருப்பேன், கொஞ்சம் பெருமையாகவே.

மண்டோர் என் பக்கம் திரும்பினார்.

"முட்டி வீங்கிப் போச்சு, பால்மரம் வெட்டுனது போதும், நின்னுக்குங்கன்னு ஒங்கம்மாகிட்ட போன மாசமே சொன்னேன்லா. 'வேலைய விட்டா லயத்து வீட்டக் காலி பண்ணணும், எம்மவ மெஷின எங்க போடுவா'ன்னு கேட்டாங்க."

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "சோறு போடவா?" என்றார்.

சாப்பிட்டேன்.

அம்மா வரமாட்டார் என்று முடிவு செய்தது நான்தான். அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

டவுனில் படி ஏறத் தேவையில்லாத வாடகை வீடு இருந்தால் சொல்லுங்கள். எனக்கும் மெஷினுக்கும் ஒரு மூலை போதும். எங்கே உட்கார்ந்தும் தைப்பேன் என்று பீற்றிக்கொண்டவள்தானே.