பூக்க விட்ட களை

அண்ணி தபால் நிலையத்தில் கடிதங்களை முகவரிப்படி பெட்டிகளில் பிரித்துப் போடுபவர். முகவரியைக் கண் பார்க்கும் முன்பே கை பெட்டிக்குப் போய்விடும். செடிகளையும் அப்படித்தான் பார்த்தார். எங்கள் வட்டாரத்துத் தாவரங்களுக்கென்று ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார். படமே கிடையாது. படிக்குப் படி ஒரு கேள்வி, இரண்டு பதில்கள். இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா? சொல்லும் பதிலுக்கு ஏற்ப அடுத்த படியின் எண். தப்பாமல் இறங்கினால் கடைசியில் ஒரு பெயர்.

"கதவு எண் வரைக்கும் எழுதியிருக்கான் மகராசன்" என்பார், புத்தகம் எழுதியவரை.

அண்ணனுக்கு ரயில் யார்டில் களை பிடுங்கும் வேலை. புது யார்டுக்கு மாற்றிய ஆறாவது மாதம் கையெல்லாம் கொப்புளம். களிம்பு மாறியது, சோப்பு மாறியது, கொப்புளம் மாறவில்லை. அடுத்த மாதம் மருத்துவக் குழு முன்னால் நிற்க வேண்டும். காரணம் தெரியாவிட்டால் தகுதியற்றவன் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அங்க முளைக்கிறது எல்லாத்துலயும் ஒண்ணு கொண்டாங்க" என்றார் அண்ணி.

பன்னிரண்டு செடிகள் செய்தித்தாளில் சுருண்டு வந்தன. பதினொன்றுக்கு இலையைப் பார்த்தே பெயர் சொல்லிவிட்டார்; எதுவும் கெடுதல் இல்லை. பன்னிரண்டாவதற்குப் புத்தகத்தைத் திறந்தார்; மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டது.

"பூ எங்க?"

"பூக்குற வரைக்கும் விட்டா நான் எதுக்குடி அங்க?"

மூன்றாம் படியிலிருந்து புத்தகம் பூவைக் கேட்கிறது. அண்ணனின் வேலை பூவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சிக்னல் அறைக்குப் பின்னால் ஒரு செடியை விட்டுவைத்து, சுற்றிலும் ஜல்லி அடுக்கினான். மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது, சமாதியா?"

"இல்ல மேஸ்திரி, வைத்தியம்."

மூன்றாவது வாரம் பூத்தது. அண்ணி சமையலறை மேசையில் வைத்து மகரந்தக் கேசரங்களை எண்ணி, படிப்படியாக இறங்கினார். குளத்தில் மிதக்கும் ஏதோ ஒரு கொடியில் போய் முடிந்தது.

"தண்டவாளத்துல ஏதுடி குளம்?" என்றான் அண்ணன்.

அண்ணி சிரிக்கவில்லை. குழுவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. லென்ஸை எடுத்து அதே பூவை ஊசியால் பிரித்தார். ஒரு பூ என்று எண்ணியது பூவே அல்ல, சின்னக் கிண்ணம். அதற்குள் நடுவில் ஒரு பெண் பூ, சுற்றிலும் ஒற்றைக் கேசரத்தோடு கடுகளவு ஆண் பூக்கள்.

"அட, ஒத்தைக் கடித உறைன்னு நினைச்சேனே! இது தபால் மூட்டை!"

மறுபடி முதல் படி. இந்த முறை பால் வடியும் குடும்பம் ஒன்றில் இறங்கி, பெயரில் நின்றது. கீழே ஒரு வரி: பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் படக் கூடாது.

குழுவில் இருந்த டாக்டர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். செடியையும் கையையும் சோதித்தார். குழுவின் தாளில், நீண்ட கையுறையும் கண்ணாடியும் தந்தால் வேலைக்குத் தகுதி என்று எழுதினார். அண்ணன் அவரைக் கும்பிட்டான்.

வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். பெஞ்சுகளில் ஆட்கள்.

"டாக்டருக்கு மட்டும் கும்பிடு" என்றார் அண்ணி.

"உனக்கு நன்றி வீட்ல போய்ச் சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க. நாலு பேர் கேக்கட்டும்."

அண்ணன் நின்றான். கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் சேர்த்தான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.