எஞ்சின் சூட்டுக்கு நான் சொன்ன சாட்சி

எங்கள் அப்பா எதையும் லேசில் நம்பிவிட மாட்டார். கடையில் நிறுத்து வாங்கிய சீனியை வீட்டுக்கு வந்து மறுபடியும் நிறுப்பார். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்தையே இன்னொரு பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் விதைக்கப் போவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார் என்றால், அது அவருடைய மனதை எந்த அளவுக்குப் பிடித்து ஆட்டியிருக்க வேண்டும் என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக்குக் குடியேறி நாங்கள் வயல் செய்துகொண்டிருந்த காலம். அப்பா விவசாயச் சங்கத்துக்குச் செயலாளர். காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போவார். பத்து மணிக்குத் திரும்பி வந்து, வண்டியை முற்றத்துப் பாலைமரத்தின் கீழ் விட்டுவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு வயலுக்கு நடப்பார். மாரி தொடங்கியதும் வாய்க்கால் ரோட்டுச் சேறு முன்சில்லிலிருந்து எகிறி அவருடைய வேட்டியைப் பாழாக்கியது. அப்பா பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றை வெட்டி விரித்து, எஞ்சினுக்கு முன்னால் குறுக்கே வைத்துக் கம்பியால் கட்டினார். வேட்டி தப்பியது. சங்கத்தில் எல்லோரும் அவருடைய மூளையை மெச்சினார்களாம்.

மாசி பிறந்து வெயில் ஏறியபோது வண்டிக்கு வருத்தம் வந்தது. மூன்றாம் மைல் கட்டையைத் தாண்டியதும் எஞ்சின் டொக் டொக்கென்று இடிக்கும், இழுவை குறையும், பிறகு நின்றுவிடும். கிட்டப் போனால் முகத்தில் அனல் அடிக்கும். அரை மணி நேரம் மரநிழலில் விட்டால் ஒன்றுமே நடவாதது மாதிரிக் கிளம்பிவிடும். அப்பா முதலில் விற்றவனைச் சந்தேகித்தார். பிறகு பெற்றோல் அடிக்கும் இடத்தைச் சந்தேகித்தார். இரண்டிலும் ஒன்றும் பிடிபடாமல் போகவே, சந்தேகம் வீட்டுக்குள் வந்தது.

வீட்டில் அம்மாவின் தம்பி, என் மாமா, இருந்தார். இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் அவருக்கென்று ஒரு பரப்புக் காணிகூட இல்லை. அறுவடை முடிந்ததும் அவர் பெயருக்கு ஒரு குடியேற்றக் காணி கேட்டுச் சங்கத்தின் மூலம் எழுதித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மாமா எங்கள் வயலில் மாடாக உழைத்தார். அவர் செய்த ஒரே குற்றம், பின்னேரங்களில் அந்த மோட்டார் சைக்கிளைத் துணியால் துடைத்து வைத்தது. இவ்வளவு அன்பாகத் துடைப்பவன் ஓட்டாமலா இருப்பான் என்று அப்பா யோசித்திருக்கிறார். தென்னை ஈர்க்கு ஒன்றைப் பெற்றோல் தாங்கிக்குள் விட்டு அளந்தார். தினமும் அவர் நினைத்ததைவிடக் குறைந்திருந்தது. தான் வயலில் நிற்கும் நேரத்தில் மாமா வண்டியை எடுத்துக்கொண்டு திரிகிறார், குறைந்த பெற்றோலுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிறார், அதனால்தான் எஞ்சின் கொதிக்கிறது என்று முடிவு கட்டினார். கட்டிய முடிவுக்குச் சாட்சி வேண்டுமல்லவா? என்னைக் கூப்பிட்டார்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் எஞ்சினுக்குக் கிட்டக் கையை வைத்துப் பார்க்க வேண்டும், சூடாக இருந்தால் அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். காலையில் ஓடிய சூடு அதற்குள் ஆறியிருக்குமாம். இத்தனை பெரிய உத்தியோகம் எங்கள் வகுப்பில் வேறு எவளுக்கும் கிடைத்திருக்காது. பத்து நாள் கையை வைத்துப் பார்த்தேன். பத்து நாளும் அது ஆறிப்போய்க் கிடந்தது. தினமும் அதையே போய்ச் சொல்லச் சொல்ல, அப்பா என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது.

பதினோராம் நாள் பள்ளிக்கூடம் பிந்தித்தான் விட்டது. நான் வருவதற்குள் பாலைமரத்தின் நிழல் வேலிப்பக்கம் நகர்ந்துபோய், வண்டி முழு வெயிலில் நின்றது. கையை நீட்டினேன். வேலி கட்டிக்கொண்டிருந்த மாமா திரும்பிப் பார்த்தார்.

“கையை வையாதை பிள்ளை. வெயிலுக்கை நிண்டது, சுடும்.”

நான் வைத்தேன். சுட்டது. அப்பா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது, ஆனாலும் அவர் அவராயிற்றே.

“வெயிலிலையோ நிண்டது, நிழலிலையோ?”

“நிழலிலை,” என்றேன்.

அப்பா மாமாவைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார். அம்மா அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றார். வண்டி நிழலில் நின்றே சூடாக இருந்தது, பிள்ளையே தொட்டுப் பார்த்தது, இதற்கு என்ன சொல்கிறாய் என்று அப்பா கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

“பிள்ளை பொய் சொல்லமாட்டாள், அத்தான்,” என்றார் மாமா. “நான்தான் எடுத்தனான்.”

அடுத்த நாள் காலை பஸ்ஸில் அவர் யாழ்ப்பாணம் போய்விட்டார். காணிக்கு எழுதவிருந்த கடிதத்தை அப்பா எழுதவில்லை. அம்மா இரண்டு நாள் அடுப்போடு மட்டும் பேசினார். நான் கொஞ்சம் பெருமையோடுதான் திரிந்தேன்.

ஆனால் எஞ்சின் கொதிப்பது நிற்கவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒருநாள் கிளிநொச்சிக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிட, அப்பா அதைத் தள்ளிக்கொண்டும் நான் பின்னால் நடந்துகொண்டும் ஒரு மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தோம். அப்பா எடுத்த எடுப்பிலேயே மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னார். மெக்கானிக் மறுத்துப் பேசவில்லை. தாங்கியிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துக் கடதாசியில் விட்டு வெயிலில் வைத்தார். சற்று நேரத்தில் கடதாசி சுத்தமாகக் காய்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும் என்றார். எஞ்சின் ஒயிலைப் பார்த்தார், அளவாகவே இருந்தது. புகைக்குழாயில் அடைப்பில்லை. பிறகு முன்னால் குந்தியிருந்து அந்தத் தகரத்தை விரலால் தட்டினார்.

“இதை ஆர் போட்டது?”

அப்பா தன் வேட்டிக் கரையைத் தட்டிவிட்டார். மெக்கானிக் கம்பியை வெட்டித் தகரத்தைக் கழற்றினார். எஞ்சினைச் சுற்றி வரிவரியாக இருக்க வேண்டிய தகடுகளுக்கு இடையில் மாரிச் சேறு செங்கல்லாக இறுகிக் கிடந்தது. துணிபட்ட வெளிப்புறம் மட்டும் பளபளத்தது.

“ஐயா, இதுக்குத் தண்ணியும் இல்லை, விசிறியும் இல்லை. ஓடேக்கை படுற காத்துத்தான் இதை ஆத்தும். நீங்கள் கதவைப் பூட்டி வைச்சிருக்கிறியள்.”

பெற்றோல் குறைந்ததைப் பற்றி அப்பா மெல்லக் கேட்டார். இப்படிக் கொதித்து இடிக்கும் எஞ்சின் பெற்றோலைக் கூடுதலாகத்தான் குடிக்கும் என்று சொல்லிக்கொண்டே, மெக்கானிக் ஒரு குடைக்கம்பியால் சேற்றைக் கிண்டிக் கிண்டி எடுத்தார். நாங்கள் திரும்பி வரும்போது வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தகரம்தான் வில்லங்கமாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

“அப்ப என்ரை தம்பி?”

அப்பா அன்றைக்கே கடிதம் எழுதினார். தன் கைப்பட மன்னிப்புக் கேட்டு எழுதினார் என்று பின்னாளில் அம்மா சொல்லி அறிந்தேன். மாமா வரவில்லை. வவுனியாவில் ஒரு கடையில் வேலை கிடைத்துவிட்டதென்றும், எல்லோரையும் சுகம் கேட்டதாகவும், பிள்ளையை வடிவாகப் படிக்க வைக்கும்படியும் பதில் வந்தது. அந்த வருடம் பிரித்துக் கொடுத்த காணிகளில் அவருக்கு ஒன்றும் இல்லை.

அப்பா அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். வண்டி நின்றது வெயிலிலா நிழலிலா என்று அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு மாமாமேல் கோபம் கோபமாக வந்தது. வண்டியை எடுக்கவே எடுக்காத மனிதர், அத்தனை பேருக்கு முன்னால் எடுத்தேன் என்று எதற்காகப் பொய் சொன்னார்?