சேஷாத்ரி சொல்லாமல் விட்ட வீடு

ஜெர்மனியில் ஆஹென் நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த சேஷாத்ரியை நல்லவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், 1967-ஐ மட்டும் தள்ளிவைத்துவிட்டு.

அந்த வருடம் பல்கலைக்கழகத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் அவனுக்கு டி.பி. என்று தெரிந்தது. நகரச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். யாரோடு பழகினாய், யார் வீட்டில் சாப்பிட்டாய் என்று பொறுமையாக விசாரித்தாள். லேப் நண்பர்கள், வீட்டுக்காரி, பக்கத்து அறைக்காரன் என்று வரிசையாகச் சொன்னவன், அதே நகரில் குடும்பத்தோடு இருந்த சுந்தரராஜன் வீட்டை மட்டும் விழுங்கிவிட்டான்.

ஞாயிறு தவறாமல் அவன் சாப்பிட்ட வீடு அது. அவர்களுடைய இரண்டு வயது கிரிஜாவை மடியில் வைத்துக்கொண்டு தயிர்சாதம் ஊட்டுவான். ஆனால் ஊரில் தங்கை கனகவல்லிக்கு அப்போதுதான் ஒரு வரன் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சுந்தரராஜனுக்கு உறவு. டி.பி. என்று காதில் விழுந்தால் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயிற்சிக்காகக் கார்ல்ஸ்ரூஹே நகருக்குப் போவதாகச் சுந்தரராஜனிடம் புளுகிவிட்டு, டி.பி. சானடோரியத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். படித்தவன் செய்கிற காரியமா இது?

சில வாரங்களில் கிரிஜாவுக்கு விடாத காய்ச்சல். கழுத்தில் கட்டி. அதே அம்மாள் அந்த வீட்டுக்கும் விசாரிக்கப் போனாள். சேஷாத்ரியைத் தவிர யாரும் வருவதில்லை, அவனும் பயிற்சிக்குப் போயிருக்கிறான் என்று குழந்தையின் தாய் வத்சலா வெள்ளந்தியாகச் சொன்னாள்.

மறுநாள் அந்த அம்மாள் அவன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். குழந்தைக்கு வந்திருப்பதைச் சொன்னாள். திட்டவில்லை. "இன்னும் யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டாள். அவன் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டான்.

ஊசியும் மருந்துமாக மாதக்கணக்கில் அவதிப்பட்டுக் குழந்தை பிழைத்தது. உண்மை சுந்தரராஜனுக்கும் தெரிந்துவிட்டது. குணமாகித் திரும்பியும் சேஷாத்ரி அந்தப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இதற்கிடையில் கனகவல்லியின் கல்யாணம் நடந்தேறியது. கல்யாணத்துக்கு முன் விடுமுறையில் ஊருக்குப் போன சுந்தரராஜனிடம்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டைப் பற்றி விசாரித்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவர் எதிர்ப்பட்டபோது, தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்: "என்னைப் பத்தி அவாகிட்ட ஏன் சொல்லலை?"

"பொண்ணு எப்படின்னு கேட்டா. தங்கமானவள்னேன். அவ என்ன தப்பு பண்ணினா?" என்றார் சுந்தரராஜன். "அண்ணன் எப்படின்னும் கேட்டா. எங்க கிரிஜாவுக்கு சாதம் ஊட்டின கைன்னு சொன்னேன்."

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். சேஷாத்ரி ஏறவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு அறைவரை நடந்தே போனான்.