சேலைக்கு அடியில் காய்ந்த துணி

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்கு உடும்பஞ்சோலையில் பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் என் பெயரில் இருக்கிறது. எழுபதுகளில் சின்னத் தோட்டக்காரர்களிடம் ஏலக்காய் வாங்கி, மலைக்குக் கீழே போடியில் விற்றுத் தொடங்கிய தொழில். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளினாலே காயின் தரத்தைச் சொல்லிவிடுவேன். என்னை ஏமாற்ற எந்த வியாபாரியாலும் முடிந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட எனக்கு அந்தக் காலத்தில் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை.

மாதத்தில் மூன்று நாள் என் மனைவி விறகு அடுக்கிய சாய்ப்பில் தனிப்பாயில் படுப்பாள். துவைத்த தீட்டுத்துணியைக் கொடியில் போட்டு, அதன்மேல் ஒரு பழைய பச்சைச் சேலையை விரித்து மறைப்பாள். அந்தச் சேலை கொடியில் ஏறினால் இந்த மாதமும் இல்லை என்று அர்த்தம். பார்த்ததும் எனக்குச் சோறு இறங்காது.

நான்காம் நாள் தலைக்குக் குளித்தவுடன்தான் கரு தங்கும் என்பது எங்கள் சொந்தக்காரர்களின் கணக்கு. அதனால் அந்த நாலைந்து நாள் யார் கூப்பிட்டாலும் வீட்டைவிட்டு அசையமாட்டேன். அது முடிந்த கையோடு சரக்கை ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்குவேன். திரும்பி மலையேறப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

கடைசியில் இருவரும் டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கிருந்த மலையாளத்து நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எந்தா அண்ணே, ஏலக்காய்க் கச்சோடத்துல பெரிய வியாபாரின்னு பேரு! அடுத்த தீட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாக்கும் கருமுட்டை வரும். அந்நேரம் நீங்க போடியில. புள்ளை எப்படி வரும்?"

வெளியே வந்ததும் மனைவி நின்றாள். "உங்க ஆளுக என்னைய மலடின்னு சொன்னப்ப ஒரு தடவையாச்சும் வாயத் தொறந்தீகளா?"



அந்த மாதம் சரக்கு மூட்டை கட்டியபடியே கிடந்தது. நல்ல விலை போகிறது என்று ஆள்மேல் ஆள் வந்து சொன்னார்கள். நான் இறங்கவில்லை. அவளுக்குத் தீட்டு வரவேண்டிய நாள் வந்தது, கடந்தது. தினமும் விடிந்ததும் கொடியைத்தான் பார்ப்பேன். நாள் தள்ளிப்போன எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"பச்சைச் சேலைய இன்னும் எடுக்கலையா?"

"சத்தமாக் கேக்காதீக. கேட்டா வந்துரும்" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். மகள் பிறக்கும்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. என் ஆயுசில் நான் பெருமை பேசாமல் இருந்தது அந்தச் சில மாதங்கள்தான்.