எடைக்கல்லின் அடிப்பள்ளம்

ஒரு சிறுமியின் படிப்பு நின்றதற்குக் காரணம் நான்தான். அவளுடைய அப்பாதான் நிறுத்தினார் என்று செஞ்சிக் கடைத்தெருவில் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன். இன்று உங்களிடம் மாற்றிச் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரி கிளீனர், ஓட்டலில் இலை எடுப்பவன், பிறகு மூட்டை தூக்குபவன்... அறுபதுகளில் ஒரு கோடையில் செஞ்சியில் இறங்கினேன். ஒரு மளிகைக் கடை முதலாளி சரக்கு இறக்க வைத்துக்கொண்டார். நான் கிடைத்ததையெல்லாம் வாசிப்பவன் என்று தெரிந்ததும், தம் மகள் சரோஜாவுக்கும் பக்கத்துக் கடைப் பிள்ளைகளுக்கும் மாலையில் கட்டுரை எழுதச் சொல்லித்தரச் சொன்னார். பதிலுக்குச் சோறு, கிடங்கில் படுக்க ஒரு சாக்கு.

பிள்ளைகள் எல்லா முகத்தையும் தாமரை என்றே எழுதினார்கள். எல்லாக் கண்களும் மீன்! எனக்குச் சலித்தது. கேட்டதை விடுங்கள், கண்ணால் பார்த்ததை உவமையாகக் கொண்டு வாருங்கள் என்றேன். ஒரு பையன் கோட்டை மலைப் பாறைகளைக் காட்டி, சாக்கு கிழிந்து கொட்டிய மல்லாட்டை மாதிரி என்றான். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அன்று முழுவதும் அதையே சொல்லிச் சொல்லி மூட்டை சுமந்தேன்.

பள்ளி விழாவில் 'என் தந்தை' என்று படிக்க சரோஜாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"எங்க நைனா சிரிப்பு கடை எடைக்கல்லு மாதிரிண்ணா. மேல பாத்தா முழுசா இருக்கும். கவுத்துப் பாத்தா பள்ளம்."

என்ன பள்ளம் என்று கேட்டேன். அடியில் அடைத்திருந்த ஈயத்தை நைனாதான் நோண்டி எடுத்தார் என்றாள். பூனை குட்டி போட்டதைச் சொல்வதுபோல் சொன்னாள். அது குற்றமென்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்! அடி குடைந்த கல் எடை குறைவு. வாங்குகிறவர்களுக்குப் பருப்பும் குறைவு.

அந்த வரியை அடித்திருக்கலாம். அடிக்காமல், எழுத்துத் தமிழில் திருத்தி, நிறுத்தி நிதானமாகப் படிக்கப் பழக்கினேன். முதலாளி மேல் கோபமா? இல்லை, சோறு போட்டவர். ஏமாந்தவர்கள் மேல் இரக்கமா? அதுவும் இல்லை. உவமை நன்றாக இருந்தது... அவ்வளவுதான். என் வகுப்பில் பிறந்தது என்ற செருக்கு.

விழாவில் படித்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பனமலையிலிருந்து வந்த ஓர் அம்மாள், பருப்பு நிறுக்கும்போது தட்டிலிருந்த கல்லை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். பருப்பை அங்கேயே விட்டுப் போனாள். பின்னால் நின்றவர்களும் போனார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இன்னாப்பா, இது நீ சொல்லிக் குடுத்ததா?"

"தாமரை, நிலான்னுதாங்க சொல்லிக் குடுத்தேன். இது எனக்குத் தெரியாதுங்க முதலாளி."

வெல்லக் கூடையருகில் நின்ற சரோஜா ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

"ஆமா நைனா. நானாத்தான் எழுதுனேன்."

ஏன் அப்படிச் சொன்னாள்? என்னைக் காப்பாற்றவா? அல்லது அந்த வரி தனக்கே உரியது என்பதாலா?

"எழுதுனது போதும். நாளையிலேர்ந்து உள்ள குந்திப் புளிக்குக் கொட்டை எடு" என்றார் அவர்.

எடுத்தாள். நானும் அந்த வீட்டுச் சோற்றை இன்னும் சில நாள் தின்றேன். மற்ற பிள்ளைகளுக்குத் தாமரையையே எழுதச் சொன்னேன்!

பிறகு ஒருநாள் திருவண்ணாமலை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். சரோஜா தலை நிமிராமல் கேட்டாள்.

"அண்ணா, கொட்ட எடுத்த புளி எது மாதிரி இருக்குதுன்னு கண்டுபுடிச்சிட்டேன். சொல்லட்டா?"

பஸ் வந்துவிடும் என்றேன். பஸ் வர வெகு நேரம் இருந்தது.

எது மாதிரி இருந்தது? எந்த ஊரில் புளியைக் கரைத்தாலும் யோசிக்கிறேன்... எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை.