எக்ஸ்போர்ட்டின் நாலு காலும் என் முட்டியும்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குண்டடம் பக்கம் நாய்ப் பந்தயத்துக்குப் போய்வந்தேன். நாயைக் கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவள். படிப்பு எட்டாவதோடு சரி. பிழை இருந்தால் நீங்களே செக்கிங் பண்ணிக்கொள்ளுங்கள்.

நாயின் பெயர் எக்ஸ்போர்ட். என் வீட்டுக்காரர் வைத்த பெயர். “முதல் தரம், ஒரு டேமேஜ் கிடையாது” என்பார். ஆடியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். இந்தப் பந்தயத்தில் அதை ஒருமுறை ஓடவிட வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு ஒரே கவலைதான். போன நாலு காலோடு அது திரும்பி வரவேண்டும். வீட்டில் எனக்கென்று மீதி இருப்பது அதுதான்.

காலை ஐந்தரைக்குக் குட்டியானை வண்டி. முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், போகவர வாடகை இரண்டாயிரம். ஓட்டுநர் செல்வம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் ஏற்றிய ஆறு மூட்டை வேஸ்ட் துணியைப் பார்த்தார்.

“யக்கா, நாய் ஓடப் போவுதா, படுக்கப் போவுதா?”

நாய்க்கு ஓடும்போதைவிட நிற்கும்போதுதான் ஆபத்து என்று வீட்டுக்காரர் சொல்வார். முடிவுக் கோட்டைத் தாண்டியும் வேகம் அடங்காது, எதிலாவது போய் மோதும். அதற்குத்தான் மூட்டை.

அவிநாசிபாளையத்தில் டீயும் பன்னும். எங்களுக்கு மட்டும்தான், ஓடப்போகிற நாய்க்கு வயிறு லேசாக இருக்கவேண்டும். அது பார்த்த பார்வையில் எனக்கு பன் இறங்கவில்லை. செல்வம் இரண்டையும் தின்றார்.

பந்தயம் நடக்கிற தரிசுக் காட்டில் கோட்டுக்குப் பின்னாலேயே கல்லுக்கால் நட்ட வேலி. அதை ஒட்டி மூட்டைகளை அடுக்கினேன். இன்னொரு நாய்க்காரர் சிரித்தார்.

“ஏனுங்கம்மிணி, மெத்தை யாவாரமுங்களா?”

“ஆமாங்க. உங்க நாய்க்கும் சேர்த்துத்தானுங்க.”

ஓடுபாதையில் கல் பொறுக்கினேன். எக்ஸ்போர்ட்டின் விரலிடுக்கில் முள் இருக்கிறதா என்று பார்த்தேன். உடம்பு சூடேற கால்மணி நேரம் நடக்கவிட்டேன்.

நாயை அவிழ்த்துவிட ஓர் ஆள் வேண்டும், கோட்டுக்கு அப்பால் நின்று துணி ஆட்டிக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். அவிழ்த்துவிட்டது செல்வம். நான் வீட்டுக்காரர் கடைசியாகக் கட்டியிருந்த, துவைக்காமல் வைத்திருந்த லுங்கியை ஆட்டினேன்.

எக்ஸ்போர்ட்தான் முதலில் வந்தது! நான் கத்திக்கொண்டே எதிரே ஓடினேன். ஓடினதில் கோட்டைத் தாண்டியதே தெரியவில்லை. அது கோட்டுக்கு நாலடி முன்னாலேயே லுங்கி மேல் பாய்ந்தது. லுங்கிக்குப் பின்னால் நான். இரண்டு பேரும் மண்ணில். மற்ற மூன்று நாய்களும் எங்களைத் தாண்டிப் போய் மூட்டைக்குள் புதைந்தன.

சிரித்தவர் தன் நாயைத் தூக்கிக் கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு அந்தக் கல்லுக்காலைப் பார்த்தார். சிரிப்பைக் காணோம். “அம்மிணி, ரெண்டு மூட்டை வெலைக்குக் குடுப்பீங்களா?”

எக்ஸ்போர்ட்டின் நாலு காலையும் தடவினேன். ஒரு டேமேஜ் இல்லை. என் முட்டிதான் உரிந்திருந்தது. அது லுங்கிக்குள் மூக்கை நுழைத்துப் படுத்துக்கொண்டது. இழுத்தும் எழவில்லை. நானும் எழவில்லை.

“யக்கா, அடி பலமோ?”

“இல்லீங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க.”

போகிறவர்களுக்கு: ஓடி முடித்ததும் நடக்கவிட்டு, மூச்சு அடங்கிய பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூட்டை மறக்காதீர்கள். துணி ஆட்டுகிறவர் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது, என்ன ஆனாலும் சரி.

லுங்கியெல்லாம் செம்மண். வீட்டுக்கு வந்து உதறினேன். துவைக்கவில்லை.